உப்பு வழியும் சேம அச்சும்

மலாக்கா நகரிலிருந்து வடமேற்கே கடலோரமாகச் செல்லும் சாலையில் அமைந்துள்ள ஊர் தஞ்சோங் கிளிங். மலாய் மொழியில் ‘தஞ்சோங்’ என்பது கடலுள் நீண்டு நிற்கும் முனையைக் குறிக்கும். ‘கிளிங்’ என்பது கலிங்கம் என்ற நாட்டுப்பெயரின் வழிவந்த சொல் என்பர். ஒரு காலத்தில் அது சோழமண்டலக் கரையிலிருந்து வந்த வணிகரைச் சுட்டிய பெயர். பிற்காலத்தில் அதே சொல் இழிவுப் பொருளில் வழங்கி, உழைக்கும் மக்களின் நெஞ்சைப் புண்படுத்தியது. சொல்லின் பொருள் மாறியது. ஊரின் பெயர் மாறவில்லை. இந்த முனைக்கும் தமிழ்க் கடலோடிகளுக்கும் இருந்த பழந்தொடர்புக்கு அப்பெயரே சான்றாக இன்றும் நிற்கின்றது.

வங்கக் கடலின் மறுகரையில் மற்றொரு முனை உண்டு. அது கோடியக்கரை. சோழநாட்டுக் கரை தெற்கே ஓடிவந்து சட்டென மேற்கே திரும்பும் மூலையில் அது அமைந்துள்ளது. கிழக்கே வங்கக் கடல், தெற்கே பாக்கு நீரிணை, அதற்கப்பால் இலங்கை. பருவக்காற்றை நம்பிப் பாய்விரித்த மரக்கலங்களுக்கு ஒரு முனை புறப்பாட்டின் அடையாளமாயிற்று. மற்றொன்று சேர்விடத்தின் அடையாளமாயிற்று. நாகப்பட்டினத் துறைமுகத்தில் கப்பலேறி மலாயாவுக்கு வந்த தோட்டத் தொழிலாளர் பலருக்குத் தஞ்சை மாவட்டக் கடற்கரை தாய்மண்ணின் கடைசிக் காட்சியாக இருந்தது.

கோடியக்கரையை ஒட்டி மேற்கே அதிராம்பட்டினம் வரை பரந்து கிடப்பது வேதாரணியப் பெருஞ்சதுப்பு. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் அது நீர்ப்பரப்பு. கோடையில் வெடித்த சேற்று வெளி. கடல்நீர் ஏறி வற்றும் இடங்களில் உப்பு தானே வெண்மையாகப் பூத்துக் கிடக்கும். அந்நிலத்தில் நடப்பதென்பது எளிய செயலன்று. நிழல் அரிது; குடிநீர் அதனினும் அரிது. எந்தப் பருவத்தில் செல்வது, எவ்வளவு சுமப்பது, எங்கே தங்குவது என்று முன்னரே எண்ணித் துணியாதவனை அச்சதுப்பு திருப்பி அனுப்பிவிடும். ஆகவே, வேதாரணியச் சதுப்பின் வரலாறு ஒரு வகையில் நடைத்திட்டங்களின் வரலாறாகவும் அமைந்துவிட்டது.

உமணர் கற்பித்த பாடம்

நெய்தல் நிலத்து உப்பை உள்நாட்டுக்குக் கொண்டு சென்று விற்றவர் உமணர். சங்கப் பாடல்களில் அவர்கள் தனியாகச் செல்வதில்லை. குடும்பத்தோடும் வண்டி வரிசையோடும் சாத்தாகத் திரண்டு செல்கின்றனர். மேடும் பள்ளமும் கடந்து பல நாள் செல்லும் பயணம் அது. புறநானூற்றின் 102ஆம் பாட்டில் ஔவையார், உமணர் தம் வண்டியின் அடியில் கட்டி வைக்கும் மாற்று அச்சினைக் குறிப்பிடுகின்றார். வழியில் என்ன நேருமோ என்றெண்ணி முன்கூட்டியே அமைத்துக்கொள்ளும் அதற்குச் ‘சேம அச்சு’ என்று பெயர். அதியமானின் மகன் பொகுட்டெழினியின் சிறப்பைக் கூறவே அவர் அந்த உவமையைக் கையாண்டார். ஆயினும் அவ்வுவமைக்குள் ஒரு தொழிலின் பட்டறிவு முழுவதும் அடங்கியுள்ளது. அச்சு முறிந்தபின் தச்சனைத் தேடுவது அறியாமை; முறியும் முன்னரே மற்றொன்றைக் கட்டிக்கொள்வது திட்டம்.

உமணருக்குப்பின் இந்நிலத்தில் நடந்தவர் அடியார். திருமறைக்காடு என்ற பழம்பெயர் பெற்ற வேதாரணியம், அதன் தெற்கே அகத்தியான்பள்ளி, முனையை அடுத்துக் கோடிக்குழகர் கோயில் ஆகிய மூன்றும் தேவாரப் பாடல் பெற்ற தலங்கள். மறைக்காட்டில் அடைபட்டிருந்த திருக்கதவம் அப்பர் பாடத் திறந்தது. சம்பந்தர் பாட மூடியது என்று பெரியபுராணம் உரைக்கும். கோடிக்குழகரைப் பாடிய சுந்தரரோ, கடற்காற்று வீசும் ஆளரவமற்ற காட்டில் இறைவன் தனித்து உறைவதை எண்ணி உளம் நைகின்றார். பக்திச் சுவைக்காகப் பயிலப்பெறும் அப்பதிகம், இக்கரை அன்றும் மனிதர் குறைந்த நிலமாகவே இருந்தது என்பதற்கும் ஒரு சான்றாகும். ஆடி, தை அமாவாசை நாள்களில் கோடியக்கரையில் நீராடச் செல்லும் மக்கள் இன்றும் ஏறத்தாழ அதே வழியில்தான் செல்கின்றனர்.

1930: ஒரு நடையின் திட்டம்

இவ்வழிக்கு உலகறிந்த பெருமை சேர்ந்த ஆண்டு 1930. அவ்வாண்டு மார்ச் 12ஆம் நாள் காந்தியடிகள் சபர்மதியிலிருந்து 78 தொண்டர்களுடன் தண்டிக் கடற்கரை நோக்கிப் புறப்பட்டார். ஏப்ரல் 6ஆம் நாள் அங்கு உப்பெடுத்துச் சட்டத்தை மீறினார். ஏழையின் கஞ்சிக்கும் வரி விதித்த அரசை எதிர்க்க, உப்பைவிடப் பொதுவான பொருள் வேறு எது? தமிழகத்தில் அப்போராட்டத்தை நடத்தும் பொறுப்பு இராஜாஜியிடம் வந்து சேர்ந்தது.

உணர்ச்சி வேகத்தில் எழுந்த கூட்டம் ஒரு நாளில் கலைந்துவிடும். திட்டமிட்ட பயணமோ ஊர்தோறும் வேர்விட்டுச் செல்லும். இராஜாஜி பின்னதையே தேர்ந்தார். புறப்படும் இடம் திருச்சிராப்பள்ளியில் மருத்துவர் தி. சே. சௌ. ராஜனின் இல்லம். சேரும் இடம் வேதாரணியம். உப்பு இயல்பாக விளையும் சதுப்பு அங்கே இருந்தது. ‘சர்தார்’ எனப் பின்னாளில் போற்றப்பட்ட வேதாரணியம் வேதரத்தினம் பிள்ளையின் துணையும் அங்கே இருந்தது. நாள், ஏப்ரல் 13. அது தமிழ்ப் புத்தாண்டு நாள். பதினோராண்டுகளுக்கு முன் ஜாலியன்வாலா பாக்கில் மக்கள் சுடப்பட்ட நாளும் அதுவே. இத்தேர்வு மக்கள் மனத்தில் ஏற்படுத்தக்கூடிய விளைவைக் கூறவும் வேண்டுமோ?

தொலைவு ஏறத்தாழ 150 கல். பதினைந்து நாளில் கடக்க வேண்டுமாயின் நாளொன்றுக்குப் பத்துக் கல். சித்திரை வெயிலில் நண்பகல் நடை இயலாது. ஆகவே காலையிலும் மாலையிலுமாக நடையைப் பகுத்துக்கொள்ள வேண்டும். இடைப்பட்ட பொழுதில் ஓய்வும், ஊராரோடு உரையாடலும் நிகழலாம். தொண்டர் எண்ணிக்கையும் அளவோடு நிறுத்தப்பட்டது. பெருந்திரளுக்கு உணவும் நீரும் தேடுவது அரிது. அறவழி பிறழாமல் காப்பது அதனினும் அரிது. ஏறத்தாழ நூறு பேர் கொண்ட அணியே புறப்பட்டது. தஞ்சாவூர், கும்பகோணம், வலங்கைமான், நீடாமங்கலம், மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி என வழி வகுக்கப்பட்டது. நேர்வழியினும் இது சுற்றுவழியே. ஆனால் காவிரிப் பாசனத்தின் செழித்த ஊர்கள் அவ்வழியில்தான் இருந்தன. நடப்பவருக்கு நீரும் சோறும் நிழலும், கேட்பவருக்கு நாட்டுணர்வும் அவ்வழியில் கிடைக்கும். நாமக்கல் கவிஞர் இராமலிங்கம் பிள்ளை இந்நடைக்கென இயற்றிய பாடல் தொண்டர்களின் அடிக்குத் தாளமாயிற்று.

முறிந்த அச்சு

திட்டத்தின் மையம் எதுவென்று தஞ்சை மாவட்ட ஆட்சியராக இருந்த ஜே. ஏ. தார்ன் நன்கு உணர்ந்துகொண்டார். தொண்டர் வழியில் உண்ணவும் உறங்கவும் ஊராரையே நம்பியிருந்தனர். அந்த அச்சை முறித்துவிட்டால் வண்டி தானே நின்றுவிடும் அல்லவா? ஆகவே அவர் நடப்பவரைத் தடுக்கவில்லை, உபசரிப்பவரை அச்சுறுத்தினார். தொண்டர்களுக்கு உணவோ இடமோ தருவோர் ஆறு மாதம் வரை சிறைத் தண்டனைக்கு ஆளாவர் என்ற எச்சரிக்கை மாவட்டமெங்கும் பரப்பப்பட்டது.

வழிப்போக்கனுக்குச் சோறிடுவதை அறமாகப் போற்றிய நாட்டில், சத்திரங்களும் தண்ணீர்ப்பந்தல்களும் நிறைந்த சோழ வளநாட்டில், சோறிடுவது குற்றமாயிற்று! அச்சட்டத்திற்கு அஞ்சிச் சில கதவுகள் அடைபட்டன. கும்பகோணத்தில் பந்துலு ஐயர் தம் வீட்டில் தொண்டர்களுக்கு விருந்தளித்தார். அதற்காகச் சிறை சென்றார். ஒருவரின் தண்டனை மற்றவரை அச்சுறுத்தும் என்று அரசு எதிர்பார்த்தது.

நிகழ்ந்ததோ வேறு. இரவோடு இரவாக மரக்கிளைகளில் சோற்றுப் பொட்டலங்கள் தொங்கின. கொடுத்தவர் யார் என்று சொல்லுவார் இல்லை. மரத்தைக் கைது செய்யவோ, கிளைக்குத் தண்டனை விதிக்கவோ சட்டத்தில் இடமும் இல்லை. ஆற்றங்கரை மணலே படுக்கையாயிற்று. வழியில் பெயரறியாக் கைகள் இட்ட சோறு நூறு பேரையும் வேதாரணியம் வரை கொண்டு சேர்த்தது. உமணர் வண்டியின் அடியில் கட்டியிருந்த சேம அச்சு கண்ணுக்குத் தெரியாமல் இருந்தது போலவே, இந்நடையின் சேம அச்சும் மறைவாக இருந்தது. அது மக்களின் மனம். இராஜாஜி வழியையும் நாளையும் வகுத்தார். ஆனால் எந்தத் தலைவரும் மரக்கிளையில் சோறு கட்டுமாறு ஊராரைப் பணிக்க இயலாது. அது அவர்களே ஏற்றுக்கொண்ட கடமை. அரசின்பால் மக்களுக்கு முன்னம் பற்று இருந்திருக்குமாயின் அஃது இப்போது மடிந்துவிட்டது என்ற பொருள்பட ஆட்சியர் தார்னே மேலிடத்திற்கு எழுத நேர்ந்தது.

வேதாரணியத்தில் நிகழ்ந்த ஒரு சிறு செயலும் நினைக்கத்தக்கது. முடிதிருத்தும் தொழிலாளியான வைரப்பன், தம்முன் அமர்ந்திருப்பவர் காவலர் எனப் பாதியில் அறிந்ததும் கத்தியைக் கீழே வைத்துவிட்டார். வழக்கு மன்றம் வரை சென்றும் அவர் பணியவில்லை. அவருக்கு அவ்வூரில் இன்று நினைவுத் தூண் உள்ளது. வரலாறு பெருந்தலைவர்களை மட்டும் கொண்டு நடப்பதில்லை என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

ஏப்ரல் 28ஆம் நாள் அணி வேதாரணியத்தை அடைந்தது. 30ஆம் நாள் இராஜாஜி ஒரு சிறு குழுவுடன் அகத்தியான்பள்ளி உப்புச் சதுப்புக்குச் சென்று உப்பெடுத்தார். கைதாகி ஆறு மாதச் சிறைத் தண்டனை பெற்றார். அவரைத் தொடர்ந்து மற்றவர்களும் கைதாயினர். ருக்மிணி லட்சுமிபதி அம்மையாரும் இப்போராட்டத்தில் சிறை சென்றார். வேதரத்தினம் பிள்ளை தம் உடைமைகளை இழந்தார். ஏறத்தாழ 150 கல் நடந்து எடுத்தது ஒரு கைப்பிடி உப்பு. ஆயினும் அக்கைப்பிடி உப்பின் கனத்தைத் தாங்க ஒரு பேரரசால் இயலவில்லை. உப்பு வரி 1947இல் நீக்கப்பட்டது.

நடை நிகழ்ந்த அதே 1930ஆம் ஆண்டில் மலாயாவின் பால்மரத் தோட்டங்களில் வேறொரு துயரம் பரவியது. உலகப் பொருளாதார மந்தத்தால் ரப்பர் விலை வீழ்ந்தது. வேலையிழந்த தமிழ்த் தொழிலாளர் பெருந்தொகையினர் தாயகத்திற்குத் திருப்பி அனுப்பப்பட்டனர். நாகப்பட்டினத்தில் இறங்கியோர், போராட்ட உணர்வு கனன்றுகொண்டிருந்த அதே தஞ்சை மண்ணில் கால் வைத்தனர். இங்கே உழைத்தவரும் அங்கே நடந்தவரும் ஒரே மண்ணின் மக்கள். அவர்களுள் ஒரு சாராரின் வரலாறு பாடநூலில் ஏறியது. மற்றொரு சாராரின் வரலாறு பெரும்பாலும் குடும்ப நினைவுகளில் தங்கிவிட்டது.

காக்கப்பட்ட சதுப்பு

விடுதலைக்குப்பின் சதுப்பின் மற்றொரு செல்வம் கண்ணிற் பட்டது. குளிர்காலத்தில் வடபுலங்களிலிருந்து வலசை வரும் நீர்ப்பறவைகளின் புகலிடம் அது. பறவையியல் அறிஞர் சலீம் அலியும் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தினரும் இங்கே பறவைகளுக்கு வளையமிட்டு ஆராய்ந்தனர். 1967இல் கோடியக்கரை வனவிலங்குச் சரணாலயம் அமைக்கப்பட்டது. வெளிமான்கள் துள்ளும் புல்வெளியும், உலர் பசுமைக் காடும், பூநாரைகள் நிற்கும் நீர்ப்பரப்பும் காவல் பெற்றன. ஈரநிலங்களைக் காக்க 1971இல் ஈரான் நாட்டு ராம்சார் நகரில் பன்னாட்டு உடன்படிக்கை ஒன்று உருவானது. அதன் பட்டியலில் 38,500 எக்டர் பரப்புள்ள கோடியக்கரை ஈரநிலம் 2002இல் இடம்பெற்றது. மலேசியாவின் முதல் ராம்சார் தலமான பகாங் மாநிலத்துத் தாசேக் பெரா 1994இல் அப்பட்டியலில் சேர்ந்தது.

எனினும் காவல் என்பது கல்வெட்டன்று. உப்புக்காக நிகழ்ந்த போராட்டம் இந்நிலத்தைப் புகழ்பெறச் செய்தது. இன்று பெருகிய உப்பளங்களும், நன்னீர் வரத்தின் குறைவும் பறவைகளின் இடத்தைச் சுருக்குகின்றன என்று ஆய்வாளர் எச்சரிக்கின்றனர். உப்பளத் தொழிலாளியின் வயிற்றையும் பூநாரையின் இரையையும் ஒருங்கே எண்ணிப்பார்க்க வேண்டிய சிக்கல் இது. ஒன்றைக் காட்டி மற்றொன்றை மறுப்பது நீதியாகாது. இயற்கையின் சீற்றமும் சேர்ந்துகொண்டது. 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலை இக்கரையைத் தாக்கியது. 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரணியத்தை ஒட்டிக் கரைகடந்து, சரணாலயத்தின் மரங்களைப் பெருவாரியாக வீழ்த்தியது.

ஒரு நாள் நடை

இன்று இவ்வழியில் ஒரு நாள் நடக்க எண்ணும் ஆசிரியரும் மாணவரும் உமணரிடமும் 1930ஆம் ஆண்டின் அணியிடமும் கற்பன பல. முதலாவது, பருவம். ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் பெருமழையும் புயலும் வரக்கூடும். பங்குனிக்குப்பின் வெயில் வாட்டும். மழை ஓய்ந்து பறவைகள் நிறைந்திருக்கும் தை, மாசி மாதங்களே ஏற்றவை. இரண்டாவது, இசைவு. சரணாலயத்தினுள் வனத்துறையின் அனுமதி பெற்றே செல்லுதல் வேண்டும். அன்று அணி சட்டத்தை மீற நடந்தது. இன்று நடப்போர் சட்டத்தைப் பேண நடத்தல் வேண்டும். இதில் முரண் இல்லை. மக்களின் உரிமையைப் பறித்த சட்டம் அது; வாயற்ற உயிர்களின் உரிமையைக் காக்கும் சட்டம் இது.

மூன்றாவது, தொலைவும் பொழுதும். வேதாரணியத்திலிருந்து கோடியக்கரை ஏறத்தாழ 11 கிலோமீட்டர். போக வர 22 கிலோமீட்டர். மணிக்கு நான்கு கிலோமீட்டர் நடப்போருக்கு ஐந்தரை மணி நேரம் நடைக்கே வேண்டும். பார்ப்பதற்கும் இளைப்பாறுவதற்கும் அதே அளவு பொழுது ஒதுக்கினால்தான் கற்றதற்குப் பொருளுண்டு. விடியலில் மறைக்காட்டுக் கோயிலிலிருந்து புறப்பட்டால், வெயில் ஏறுமுன் அகத்தியான்பள்ளி உப்பு அறப்போர் நினைவுத் தூணையும் உப்புப் பாத்திகளையும் காணலாம். பின்னர்க் குழகர் கோயிலையும், சரணாலயத்தில் இராமர் பாதம் எனப்படும் மேட்டையும் கண்டு நண்பகலுக்குள் முனையை அடையலாம். அங்கே நிழலில் தங்கி, வெயில் தாழத் திரும்புதல் நலம். 1930இன் காலை, மாலைப் பகுப்பு இன்றும் பொருந்துவதே.

நான்காவது, நீர். உப்பு நிலத்தில் கண்முன் நீர் பரந்திருக்கும். ஒரு மிடறும் பருக இயலாது. ஆகவே ஒவ்வொருவரும் தமக்கு வேண்டிய நீரைத் தாமே சுமத்தல் வேண்டும். ஐந்தாவது, சேம அச்சு. ஒருவர் கால் சுளுக்கினால் ஊர் திரும்ப வழி என்ன? எவரிடம் சொல்லிவிட்டுப் புறப்படுவது? வலுக்குறைந்தவரின் வேகத்திற்கு ஏற்பவே அணியின் வேகம் அமைந்ததா? இவ்வினாக்களுக்குப் புறப்படும் முன்னரே விடை கண்டிருத்தல் வேண்டும்.

மலாக்காவில் வாழ்வோர் இதற்காகக் கடல் கடந்துதான் ஆகவேண்டும் என்பதில்லை. தஞ்சோங் கிளிங்கிலிருந்து கரையோரமாக வடக்கே சென்றால் லிங்கி ஆற்றின் கழிமுகமும், அதற்கப்பால் தஞ்சோங் துவானும் வரும். நெகிரி செம்பிலான் நிலத்தால் சூழப்பட்டும் மலாக்கா மாநிலத்திற்கே உரியது அம்முனை. அங்குள்ள காடு காப்புக்காடு. 1606இல் ஒல்லாந்தரும் போர்த்துகீசியரும் அதனருகே கடற்போர் புரிந்தனர். ஆண்டுதோறும் ஆண்டின் முற்பகுதியில், சுமத்ராவிலிருந்து நீரிணையைக் கடந்து வடக்கே திரும்பும் தேன்பருந்துகள் அம்முனையின் மேலேதான் கரையேறுகின்றன. நெய்தல் திணையை வகுப்பறையில் கற்பிக்கும் ஆசிரியர், தம் மாணவரை ஒரு நாள் அங்கு அழைத்துச் சென்றால், முதற்பொருளும் கருப்பொருளும் நூலிலிருந்து எழுந்து கண்முன் நிற்கும்.

பறவைக்கு எந்த முனையும் அயல்நாடன்று. காற்றின் பருவம் அறிந்து, இளைப்பாறும் இடம் அறிந்து, அது கடல் கடக்கின்றது. அவ்வாறே கடல் கடந்து வந்த மக்களின் வழித்தோன்றல்கள் இம்முனையருகே வாழ்கின்றனர். அவர்களின் முன்னோர் மூட்டையில் கட்டி வந்த பொருள்கள் மிகச் சில. ஆனால் வழியில் அச்சு முறிந்தபோதெல்லாம் ஒருவருக்கொருவர் தாங்கி நின்ற உறவு, அந்த மூட்டைக்கு அடியில் கட்டப்பட்டிருந்தது. அதனை அடுத்த தலைமுறையும் அவிழ்த்து எறியாமல் காக்குமாயின், எத்தனை கல் தொலைவும் கடக்கத் தக்கதே.